உரிமைகளைப் படிப்பிப்பதும் மறைக்கல்வியே

(குடும்பங்களுக்கும் மறையாசிரியர்களுக்குமான படிப்புக் கட்டுரை)

எமது வீடுகளிலே பிள்ளை மழலை பேசத் தொடங்கியதும் சிலுவை அடையாளம் வரையப் பழக்குகிறோம். முதல் நன்மைக்கு முன்னர் பத்துக் கட்டளைகளையும் திருச்சபையின் கட்டளைகளையும் வரிசை தவறாது ஒப்புவிக்கச் செய்கிறோம். நல்ல வழக்கம், அது என்றும் நிலைக்க வேண்டும். ஆனால், க.பொ.த. சாதாரண தரம் சித்தியடைந்த அதே பிள்ளையிடம், "உன்னைப் பொலிசார் கைது செய்தால் நீ கேட்கக்கூடிய முதற் கேள்வி என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "நாட்டின் அரசியலமைப்பு உனக்கு உறுதி செய்யும் அடிப்படை உரிமைகளில் ஐந்தைச் சொல்" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் விழிப்பார்கள். பெற்றோரைக் கேட்டாலும் நிலைமை அதிகம் வேறுபடாது.

"பிள்ளைகளுக்கு ஏன் சுவாமி அரசியல்? படித்து ஓர் உத்தியோகம் எடுத்தால் போதும்" என்று சொல்லும் பெற்றோர் உளர். அவர்களுடைய அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். வாய் திறந்த காரணத்தால் பிள்ளையை இழந்த தாய்மார் எமது பங்குகளில் இருக்கின்றனர். எனினும், கட்சி அரசியல் வேறு. நாட்டின் அடிப்படைச் சட்டத்தை அறிந்திருப்பது வேறு. எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது என்று கோவிலில் எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் மனிதனுக்குரிய மதிப்பு எது, அதனை மிதிக்கும் கைக்கு எல்லை எங்கே என்பதைப் படிப்பிக்காமல் விடுவது பெருங்குறை.

அறியாமையால் வரும் இழப்பு சிறிதன்று. எமது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி, அடிப்படை உரிமை மீறப்பட்ட ஒருவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்திடம் மனுச் செய்ய வேண்டும். ஒரே ஒரு மாதம்! துக்கத்தில் ஒரு வாரம், பயத்தில் ஒரு வாரம், "ஆரைப் பிடிக்கலாம்" என்று அலைந்ததில் இரு வாரம் எனக் கழிந்த பின்னர் சட்டத்தரணியிடம் போனால், அவர் முதலிற் பார்ப்பது நாட்காட்டியைத்தான். ஆதலால், இவ்விடயத்தைச் சட்டம் படிப்போருக்கு மட்டும் விட்டுவிடலாகாது. வீட்டிலும் மறைப்பாடசாலையிலும் எவ்வாறு படிப்பிக்கலாம் என்பதை இக்கட்டுரையில் முறையாக நோக்குவோம்.

1. உரிமை எங்கிருந்து வருகிறது?

பிள்ளைகளுக்கு முதலில் விளங்க வேண்டியது இதுவே. உரிமை அரசு தரும் நன்கொடை என்று அநேகர் எண்ணுகின்றனர். தந்தவன் எடுக்கலாம் என்பது உலக வழக்கு. அரசு தந்தது என்றால் அரசு எடுப்பதைக் கேள்வி கேட்க முடியாதல்லவா? தொடக்க நூலின் முதல் அதிகாரமோ, கடவுள் மனிதனைத் தமது சாயலாகப் படைத்தார் எனக் கூறுகிறது. ஆணும் பெண்ணுமாக மனுக்குலம் முழுவதும் அச்சாயலைத் தாங்குகிறது. அங்கே இனம் இல்லை, மொழி இல்லை, சாதி இல்லை, சாதாரண தரப் பெறுபேறும் இல்லை. மனிதனாய்ப் பிறந்ததே உரிமையின் வேர். அரசு செய்வது, ஏற்கெனவே உள்ள அவ்வுரிமையை ஏற்று அதற்குக் காவல் வைப்பது.

பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1963 ஏப்ரலில் வெளியிட்ட "அவனியில் அமைதி" என்ற சுற்றுமடல் இந்தப் போதனையைத் தெளிவாக விரிக்கிறது. உயிர் வாழும் உரிமை, உண்மையைத் தேடும் உரிமை, மனச்சான்றின்படி இறைவனை வழிபடும் உரிமை, கூட்டம் கூடும் உரிமை, குடிபெயரும் உரிமை எனப் பலவற்றையும் அது வரிசைப்படுத்துகிறது. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1948 டிசெம்பர் 10இல், ஐக்கிய நாடுகள் சபை அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியிருந்தது. பாப்பரசர் தம் மடலில் அதனையும் பாராட்டுகிறார்.

எமது அரசியலமைப்பை வாசிக்கும்போது பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இரு சொற்கள் உண்டு. சில உறுப்புரைகள் "ஆள்" என்கின்றன. வேறு சில "பிரசை" என்கின்றன. சிந்தனைச் சுதந்திரம், சித்திரவதைக்கு உள்ளாகாமை, காரணமின்றிக் கைது செய்யப்படாமை ஆகியவை எந்த ஆளுக்கும் உரியன. பேச்சு, கூட்டம், தொழில், நடமாட்டம் போன்றவை பிரசைகளுக்கு உரியன. இந்த வேறுபாட்டின் பாரத்தை மலையகத்து மக்களைப் போல் உணர்ந்தவர் இந்நாட்டில் இலர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003இலேயே வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காத்திருப்பு அது. தேயிலைக் கொழுந்து கிள்ளிய அந்தக் கைகளிலும் இறைசாயலே இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

2. மூன்றாம் அத்தியாயத்தில் உள்ளவை

1978 செப்டெம்பர் 7இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் குடியரசு அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயமே அடிப்படை உரிமைகளின் அத்தியாயம். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்ளக்கூடிய வகையில் அதனைச் சுருக்கித் தருகிறோம்.

10ஆம் உறுப்புரை: சிந்தனை, மனச்சான்று, மதம் ஆகியவற்றின் சுதந்திரம். தான் விரும்பும் மதத்தையோ நம்பிக்கையையோ கொண்டிருக்கவும் ஏற்கவும் ஒவ்வோர் ஆளுக்கும் உரிமை உண்டு.

11ஆம் உறுப்புரை: எவரையும் சித்திரவதை செய்யலாகாது, கொடூரமாகவோ மனிதத்தன்மையற்ற விதமாகவோ இழிவாகவோ நடத்தவும் தண்டிக்கவும் கூடாது.

12ஆம் உறுப்புரை: சட்டத்தின் முன் யாவரும் சமம். இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறப்பிடம் என்பன காரணமாகப் பிரசை எவருக்கும் பாகுபாடு காட்டலாகாது. பெண்கள், சிறுவர், வலுவிழந்தோர் ஆகியோரின் முன்னேற்றத்துக்காகச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம்.

13ஆம் உறுப்புரை: சட்டப்படியன்றி எவரையும் கைது செய்யலாகாது. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். நீதிபதி முன் கொண்டு செல்ல வேண்டும். நியாயமான விசாரணையும் சட்டத்தரணியின் துணையும் பெற உரிமை உண்டு. குற்றம் எண்பிக்கப்படும்வரை ஒருவர் சுற்றவாளி என்றே கொள்ளப்படுவார்.

14ஆம் உறுப்புரை: பேச்சு, வெளியீடு, அமைதியாகக் கூடுதல், சங்கம் சேர்தல், தொழிற்சங்கம், வழிபாட்டின் மூலமும் போதனையின் மூலமும் தன் மதத்தை வெளிப்படுத்துதல், தன் பண்பாட்டையும் மொழியையும் வளர்த்தல், தொழில், நடமாட்டம், நாடு திரும்புதல் ஆகிய சுதந்திரங்கள். 2015இல் 19ஆவது திருத்தம் 14அ என்ற உறுப்புரையாகத் தகவல் பெறும் உரிமையையும் சேர்த்தது.

இவற்றை மனனம் செய்தால் மட்டும் போதாது. 15ஆம் உறுப்புரையையும் உடன் வாசிக்க வேண்டும். தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பிறருடைய உரிமை முதலிய காரணங்களுக்காகச் சில உரிமைகளைச் சட்டத்தின் மூலம் மட்டுப்படுத்தலாம் என்கிறது அது. ஆனால் அந்தப் பட்டியலில் 10ஆம் உறுப்புரையும் 11ஆம் உறுப்புரையும் இல்லை. அவசரகாலமாயினும் யுத்த காலமாயினும் ஒருவனுடைய மனச்சான்றைக் கட்டவோ அவன் உடலை வதைக்கவோ எவருக்கும் அனுமதி இல்லை. இந்த ஒரு விடயத்தையேனும் எமது பிள்ளைகள் மறவாதிருக்க வேண்டும்.

10ஆம் உறுப்புரைக்கும் 14ஆம் உறுப்புரைக்கும் உள்ள வேறுபாடு கத்தோலிக்கராகிய எமக்கு மிகவும் முக்கியமானது. உள்ளத்தில் நம்பிக்கை கொண்டிருப்பதை மட்டுப்படுத்த முடியாது. அதனை வெளிப்படுத்துவதை மட்டுப்படுத்தலாம். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்து, ஏனைய மதங்களுக்கு இவ்விரு உறுப்புரைகளின் உரிமைகளையும் உறுதி செய்கிறது. 2003இல், மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைச் சட்டப்படி கூட்டிணைப்பதற்கான சட்டமூலம் உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டபோது, அது 9ஆம், 10ஆம் உறுப்புரைகளுக்கு முரணானது என நீதிமன்றம் தீர்மானித்தது. மதத்தை வெளிப்படுத்தும் உரிமை வேறு, அதனைப் பரப்பும் உரிமை வேறு என்பது நீதிமன்றத்தின் கருத்து. அக்கன்னியர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழுவிடம் முறையிட்டனர். 2005இல் அக்குழு, மதச் சுதந்திரமும் சமத்துவமும் மீறப்பட்டுள்ளன எனக் கண்டது. கூச்சலிடாது, கல்லெறியாது, சட்டத்தின் வாசலைத் தட்டுவது எவ்வாறு என்பதற்கு அக்கன்னியரே எமக்கு மாதிரி.

3. புனித சின்னப்பர் தந்த மூன்று பாடங்கள்

"கிறிஸ்தவன் பொறுத்துக்கொள்ள வேண்டியவன் அன்றோ? ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன ஆண்டவரின் சீடர் நீதிமன்றத்துக்குப் போகலாமா?" என்று உயர்வகுப்புப் பிள்ளைகள் கேட்பர். நல்ல கேள்வி. அப்போஸ்தலர் பணி நூலை அவர்கள் கையிலே கொடுத்து மூன்று இடங்களை வாசிக்கச் சொல்லுங்கள்.

முதலாவது, 16ஆம் அதிகாரம். பிலிப்பி நகரிலே சின்னப்பரும் சீலாவும் விசாரணை எதுவுமின்றிப் பொது இடத்தில் அடிக்கப்பட்டுச் சிறையில் போடப்படுகின்றனர். மறுநாட் காலையில், அவர்களை விட்டுவிடும்படி நகர அதிகாரிகள் ஆள் அனுப்புகின்றனர். தப்பினோம் பிழைத்தோம் என்று சின்னப்பர் ஓடவில்லை. உரோமைக் குடிகளாகிய தங்களைத் தீர்ப்பின்றி வெளியரங்கமாக அடித்துவிட்டு இரகசியமாக அனுப்புவதா, அதிகாரிகளே நேரில் வந்து அழைத்துச் செல்லட்டும் என்கிறார். அவர்களும் அஞ்சி வந்து சமாதானம் சொல்கின்றனர். சின்னப்பர் இதைத் தம் பெருமைக்காகச் செய்தாரா? அவர் போய்விடுவார், லீதியாளின் வீட்டிற் கூடும் சின்னஞ்சிறு கிறிஸ்தவக் கூட்டம் அந்நகரிலேயே வாழ வேண்டும். அவர்கள் மீது நாளைக்குக் கை வைக்க நினைப்பவன் ஒருகணம் யோசிக்க வேண்டும். தனக்குரிய உரிமையைக் கேட்பவன் பின்னால் வருபவனையும் காக்கிறான் என்பதே முதற்பாடம்.

இரண்டாவது, 22ஆம் அதிகாரம். யெருசலேமிலே படைத்தலைவன் சின்னப்பரைச் சவுக்கால் அடித்து உண்மையை வரவழைக்கக் கட்டளையிடுகிறான். வாரினால் கட்டப்படும் வேளையில், தீர்ப்பிடப்படாத உரோமைக் குடிமகனை அடிப்பது சட்டமா என்று அருகில் நின்ற நூற்றுவர் தலைவனைச் சின்னப்பர் வினவுகிறார். அந்த ஒரு கேள்வியால் கட்டு அவிழ்கிறது. அவர் குரலை உயர்த்தவில்லை, எவரையும் ஏசவில்லை. சரியான கேள்வியைச் சரியான வேளையில் கேட்டார். கேட்பதற்கு அது அவருக்குத் தெரிந்திருந்தது. எமது 11ஆம், 13ஆம் உறுப்புரைகளை அறிந்த பிள்ளையும், "என்னை என்ன காரணத்துக்காகக் கைது செய்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்கலாம். அறிவே அமைதியாகப் பேசும் துணிவைத் தரும் என்பது இரண்டாம் பாடம்.

மூன்றாவது, 25ஆம் அதிகாரம். உள்ளூரில் தமக்கு நியாயம் கிடையாது எனக் கண்ட சின்னப்பர், ஆளுநர் பெஸ்துவின் முன் நின்று செசாருக்கு மேன்முறையீடு செய்கிறார். கீழே கதவு மூடப்பட்டால் மேலே இன்னொரு கதவு உண்டு என்பது மூன்றாம் பாடம். அந்தக் கதவு எங்கே இருக்கிறது, அது எந்நேரம் அடைபடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன ஆண்டவர்தாமே, தலைமைக் குருவின் முன் காவலன் ஒருவன் அறைந்தபோது, தாம் தவறாகப் பேசியிருந்தால் அதனை எடுத்துக் காட்டும்படியும், இல்லையேல் ஏன் அடித்தாய் என்றும் கேட்டார். அருளப்பர் நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் இதனைக் காணலாம். பழிவாங்காமை ஒரு புண்ணியம். அநீதியை அநீதி என்று சொல்லாமல் விடுவது புண்ணியமாகாது. பகைமையற்ற உள்ளத்தோடு நியாயம் கேட்க முடியும் என்பதைப் பிள்ளைகள் ஆண்டவரிடமே கற்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று சின்னப்பருக்கு இருந்த பாதுகாப்பு உரோமைக் குடியுரிமை பெற்றவருக்கே உரியது. அதே சிறையில் ஓர் அடிமை கிடந்திருந்தால் அவனுக்காகக் கேட்க எந்தச் சட்டமும் இருந்திராது. இன்று 11ஆம் உறுப்புரை எந்த ஆளுக்கும் உரியது. சந்தேக நபருக்கும் உரியது, குற்றவாளிக்கும் உரியது.

4. எழுதிய உரிமையும் கிடைத்த உரிமையும்

"சுவாமி, இவ்வளவும் புத்தகத்தில் இருந்தால் எங்களுக்கு ஏன் இவ்வளவு நடந்தது?" என்று எமது இளைஞர் கேட்காமல் இருக்க மாட்டார்கள். அக்கேள்வியை அடக்குதல் தவறு. உண்மையைச் சொல்லியே படிப்பிக்க வேண்டும்.

சுதந்திரத்தின்போது நாம் பெற்ற சோல்பரி அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகளுக்கெனத் தனி அத்தியாயம் இருக்கவில்லை. 29ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவே சிறுபான்மையினருக்குக் காவலாக இருந்தது. ஓர் இனத்தவர் மீதோ மதத்தவர் மீதோ மற்றவர்க்கில்லாத தடையை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்பது அதன் சாரம். அது இருக்கத்தக்கதாகவே 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. சிங்களப் பரீட்சைக்குத் தோற்றாததால் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞர் 1962இல் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்த்தது. மேல் மன்று, அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட முடியாது என்று அதனை மாற்றியது. 1969இல் இலண்டன் கோமறை மன்று, வழக்காட முடியும் என்றது. ஆனால் மொழிச் சட்டம் செல்லுமா என்ற பெருங் கேள்விக்கு விடை கூறாது வழக்கைத் திருப்பி அனுப்பியது. அவ்விடை பின்னர் வரவேயில்லை. கோமறை மன்றுக்கான மேன்முறையீடு 1971இல் ஒழிக்கப்பட்டது. 1972இன் குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவும் இல்லாது போயிற்று.

1972இன் அரசியலமைப்பு அடிப்படை உரிமைகளை எழுத்தில் தந்தது. ஆனால் அவை மீறப்பட்டால் நேரே உச்ச மன்றுக்குச் செல்லும் தனி வழியைத் தரவில்லை. 1978இலேயே அவ்வழி திறந்தது. அது திறந்த மறு வருடமே, "தற்காலிக ஏற்பாடுகள்" என்ற பெயரோடு 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. அமைச்சரின் கட்டளைப்படி ஒருவரைப் பதினெட்டு மாதம் வரை தடுத்து வைக்க அது இடமளித்தது. 1982இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. 2022இன் திருத்தமே அக்காலத்தைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தது.

இவ்வரலாற்றைக் கேட்கும் பிள்ளை, "அப்படியானால் உரிமை என்பது வெறும் காகிதமே" என்று முடிவு கட்டிவிடக் கூடும். அந்த இடத்தில் ஆசிரியர் நிதானமாக நிற்க வேண்டும். கிணறு வற்றிப் போயிற்றென்று எவரும் கிணற்றை மூடுவதில்லை, ஆழப்படுத்துகிறார்கள். 1987இன் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் உள்ள மொழி உரிமைகள் மீறப்பட்டாலும் இன்று 126ஆம் உறுப்புரையின் கீழ் மனுச் செய்யலாம். கோடீஸ்வரன் கேட்ட கேள்வி வீண்போகவில்லை. கேட்டவர் இருந்தபடியாலேயே அது வரலாற்றில் நிற்கிறது.

5. அந்த ஒரு மாதம்

வளர்ந்த பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்திருந்து அறிய வேண்டிய நடைமுறை இது.

அடிப்படை உரிமை மனு, அரசின் ஆட்சித்துறை அல்லது நிருவாகச் செயலுக்கு எதிரானது. பொலிசார், படையினர், திணைக்களம், அரசாங்கப் பாடசாலை, உள்ளூராட்சி மன்றம் ஆகியோரின் செயல்கள் இதில் அடங்கும். பக்கத்து வளவுக்காரரோடு வரும் வேலிச் சண்டைக்கு இது வழியன்று. அதற்கு வேறு நீதிமன்றங்கள் உள்ளன.

மனுவைப் பாதிக்கப்பட்டவர் தாமாகவோ சட்டத்தரணி மூலமாகவோ ஒரு மாதத்துக்குள் சமர்ப்பிக்க வேண்டும். உயர் நீதிமன்றம் கொழும்பில் இருக்கிறது. வன்னியிலோ படுவான்கரையிலோ உள்ள ஏழைக் குடும்பத்துக்கு அது தூரமும் செலவும் மிக்க பயணம். அதனால் இரண்டு துணைகளை அறிந்து வைத்திருங்கள். ஒன்று, 1978இன் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு. வசதியற்றோருக்கு அது உதவுகிறது. மற்றது, 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய நகரங்களில் அதன் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. ஒரு மாதத்துக்குள் அங்கு முறைப்பாடு செய்தால், அதன் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது என்பது சட்டம். எனினும், முறைப்பாட்டைப் போட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடலாகாது. விசாரணை உண்மையில் நடைபெறுகிறது என்பதற்கு ஆதாரத்தை நீதிமன்றம் எதிர்பார்க்கிறது. முறைப்பாட்டு இலக்கத்தையும் வரும் கடிதங்களையும் பத்திரப்படுத்துங்கள்.

எழுதி வைக்கும் பழக்கத்தைச் சிறுவயதிலேயே ஊட்டுங்கள். என்ன நடந்தது, எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த இடம், யார் யார் நின்றனர் என்பன அன்றிரவே கொப்பியில் ஏற வேண்டும். காயம் இருந்தால் அரசாங்க வைத்தியசாலையில் காட்டித் துண்டைப் பெற வேண்டும். கண்ணீர் காய்ந்துவிடும், எழுத்து நிற்கும்.

6. வீட்டிலும் கோவிலிலும்

இனி, வெளியே பார்த்த கண்ணை உள்ளே திருப்புவோம். வாயினால் 11ஆம் உறுப்புரையைப் படிப்பித்துக்கொண்டு மேசையில் பிரம்பை வைத்திருக்கும் ஆசிரியரிடம் பிள்ளை எதைக் கற்கும்? ஆசிரியர் ஒருவர் அறைந்ததால் மாணவன் ஒருவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அறை 11ஆம் உறுப்புரையையும் சமத்துவ உரிமையையும் மீறியது எனக் கண்டு, ஆசிரியரும் அரசும் நட்டஈடு செலுத்தக் கட்டளையிட்டது. "அடியாத மாடு படியாது" என்ற பழமொழி எம்மிடையே உண்டு. அது மாட்டைப் பற்றியது. பிள்ளை இறைவனின் சாயல்.

விசாரியாமல் தண்டிப்பதும் அவ்வாறே. உடைந்த கோப்பைக்கு யார் காரணம் என்று கேட்குமுன் மூத்தவனுக்கு ஏச்சு விழுகிற வீட்டில், குற்றம் எண்பிக்கப்படும்வரை சுற்றவாளி என்ற கோட்பாடு ஏறாது. ஒருவனைக் கேளாமலும் அவன் செய்ததை அறியாமலும் எமது சட்டம் அவனுக்குத் தீர்ப்பிடுமா என்று நிக்கொதேமு கேட்டதை அருளப்பர் நற்செய்தி 7ஆம் அதிகாரம் சொல்கிறது. அதே கேள்வியை எமது குசினிகளிலும் கேட்போம். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயமும், பிள்ளையைப் பாதிக்கும் விடயங்களில் பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. பிள்ளை சொல்வதற்கெல்லாம் இணங்க வேண்டும் என்பது அதன் பொருளன்று. காதுகொடுத்துக் கேட்ட பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

அடுத்தது சாதி. 12ஆம் உறுப்புரை சாதிப் பாகுபாட்டை விலக்குகிறது. தன் மதத்துக்குரிய பொது வழிபாட்டிடத்துக்குச் செல்லும் எவருக்கும் அக்காரணத்தால் தடை போடலாகாது என்றும் விதிக்கிறது. 1957இன் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும் முன்னரே இதைப் பேசியது. சாதி பார்த்து இடம் ஒதுக்கிய வழக்கம் எமது கோவில்களிலும் இருந்தது. இன்று வாங்கிலே பிரிவு இல்லாதிருக்கலாம். திருவிழாவில் சுரூபத்துக்குத் தோள் கொடுப்போரைத் தெரியும்போதும், பங்குச் சபைக்கு ஆள் எடுக்கும்போதும், சேமக்காலையில் குழி தோண்டும்போதும், கலியாணம் பேசும்போதும் அது தலைகாட்டுகிறதா என ஒவ்வொரு பங்கும் தன்னைக் கேட்கட்டும். மற்றவரிடம் சமத்துவம் கோரும் வாய், தன் அயலானுக்கு அதை மறுத்தால், அக்கோரிக்கைக்கு ஏது பலம்?

உரிமைக்கு வரம்பும் உண்டு, கடமையும் உண்டு. "அவனியில் அமைதி" சுற்றுமடல் உரிமைகளை அடுத்தே கடமைகளை வைக்கிறது. எமது அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரையும் பிறருடைய உரிமைகளையும் சுதந்திரங்களையும் மதிப்பதை இலங்கையிலுள்ள ஒவ்வோர் ஆளினதும் கடமையாக்குகிறது. பேச்சுச் சுதந்திரம் அயலவனைப் பற்றி அவதூறு பரப்ப அனுமதிச் சீட்டன்று. கைத்தொலைபேசியில் ஒரு விரலால் அனுப்பும் பொய்க்கும் இது பொருந்தும்.

7. மறைப்பாடசாலையில் நான்கு வாரங்கள்

முதல் வாரம் (கீழ்வகுப்புகள்): தொடக்க நூல் 1ஆம் அதிகாரமும், நாபோத்தின் திராட்சைத் தோட்டத்துக் கதையும் (1 அரசர் 21). பிள்ளைகளிடம் கேட்க: அரசன் என்றால் எதையும் எடுக்கலாமா? பொய்ச் சாட்சி சொன்னவர்களால் யாருக்கு என்ன நேர்ந்தது? எலியாஸ் ஏன் அரசனுக்கு அஞ்சவில்லை?

இரண்டாம் வாரம் (நடுவகுப்புகள்): 10 முதல் 14அ வரையான உறுப்புரைகளைத் துண்டுகளில் எழுதிக் கலக்கிவிடுக. ஆசிரியர் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல, எந்த உறுப்புரை என்று பிள்ளைகள் எடுத்துக் காட்டட்டும். உதாரணமாக: தமிழில் கேட்ட விண்ணப்பத்துக்குச் சிங்களத்தில் மட்டும் பதில் வருகிறது. (இது மூன்றாம் அத்தியாயத்தில் மட்டுமன்றி நான்காம் அத்தியாயத்திலும் தேட வேண்டியது.)

மூன்றாம் வாரம் (மேல்வகுப்புகள்): அப்போஸ்தலர் பணி 16, 22, 25 ஆகிய அதிகாரங்களை நடித்துக் காட்டுக. பின்னர் 13ஆம், 126ஆம் உறுப்புரைகளோடு ஒப்பிடுக. சின்னப்பர் பிலிப்பியில் பேசாமற் போயிருந்தால் யாருக்கு நட்டம்?

நான்காம் வாரம் (இளைஞர்): 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஊரிலே அரைகுறையாகக் கிடக்கும் ஒரு வீதிக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது என்று பிரதேச சபைக்குப் பெரியவர் ஒருவரின் பெயரில் ஒரு கடிதம் எழுதுக. தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திகதியைச் சுவரில் எழுதி எண்ணுங்கள். ஒரு பிள்ளை தன் கையெழுத்தால் அரச அலுவலகத்திலிருந்து ஒரு மறுமொழியைப் பெறுமானால், பத்துச் சொற்பொழிவாலும் வராத பாடம் அன்று அதற்கு விளங்கும்.

அன்புக்குரிய பெற்றோரே, மறையாசிரியர்களே, இதற்குப் பெரிய நூல்களோ பணமோ தேவையில்லை. அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதி ஒன்றைப் பங்கு நூலகத்திலே திருவிவிலியத்துக்கு அடுத்த தட்டில் வையுங்கள். இரவுச் செபம் முடிந்த பின் ஒரு நாளைக்கு ஓர் உறுப்புரையாக வாசித்து, பிள்ளைகளைப் பேச விடுங்கள். நாளை எமது பிள்ளைகளிற் சிலர் பொலிஸ் உத்தியோகத்தராகவும், கிராம அலுவலராகவும், ஆசிரியராகவும் அரசின் கதிரையில் அமர்வர். உரிமையை இழந்தவனுக்கு மட்டுமன்றி, அதிகாரம் கையில் உள்ளவனுக்கும் இப்பாடம் வேண்டும். எதிரே நிற்பவனில் இறைசாயலைக் காண இன்று பழகிய பிள்ளை, நாளை அந்தக் கதிரையில் இருந்து எவர் மீதும் கை ஓங்காது.